செம்பரம்பாக்கம் ஏரியும் சென்னைப் பெருவெள்ளமும்

2015ஆம் ஆண்டு திசெம்பர் 1ஆம் நாள் இரவு சென்னை மாநகரின் தென்பகுதியை அடையாற்று வெள்ளம் மூடிற்று. மணப்பாக்கம், சாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய இடங்களில் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீருள் மறைந்தன. மக்கள் மாடிகளில் ஏறி நின்று இருளில் விடியலை எதிர்நோக்கினர். மின்சாரம் அற்றுப்போயிற்று, தொலைபேசிகள் ஓய்ந்தன. அடையாற்றைக் குறுக்கிட்டு ஓடுபாதை அமைத்துள்ள விமான நிலையம் 6ஆம் நாள்வரை பயணிகளுக்கு மூடப்பட்டுக் கிடந்தது. 1878ஆம் ஆண்டிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த 'இந்து' ஆங்கிலப் பத்திரிகை திசெம்பர் 2ஆம் நாள் சென்னையில் அச்சேறவில்லை.

நீர் வடிந்ததும் ஒரு வினா எழுந்தது. நகருக்கு மேற்கேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் கதவுகள் எப்போது திறக்கப்பட்டன, எவ்வளவு திறக்கப்பட்டன, யாருடைய ஆணையால் திறக்கப்பட்டன என்பதே அவ்வினா. உயிரையும் உடைமையையும் இழந்தோர் அதனைக் கேட்பது நியாயமே. ஆயினும் அதற்குரிய முழு விடை அவ்வொரு நாளின் நிகழ்ச்சிகளுள் அடங்கியிருக்கவில்லை. அவ்வேரி எதற்காகத் தோன்றியது, எக்காலத்தில் வேறொரு தொழிலை மேற்கொண்டது, அதன் கீழிருந்த ஏரிகளுக்கு நேர்ந்தது யாது என்பவற்றை வரன்முறையாக நோக்கினாலன்றி அக்கதவுகளின் வரலாறு விளங்காது.

தொண்டைமண்டலத்து ஏரிகள்

சோழமண்டலத்துக்குக் காவிரி உண்டு. பாண்டிநாட்டுக்கு வைகையும் தாமிரவருணியும் உண்டு. தொண்டைமண்டலத்துக்கு அத்தகைய பேராறு இல்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலாறாகவே கிடக்கும். கொற்றலையாறும் கூவமும் அடையாறும் மழைக்காலத்தில் மட்டும் பெருகும் சிற்றாறுகள். சென்னைப் பகுதியில் ஓராண்டிற் பெய்யும் மழையுட் பாதிக்கு மேற்பட்டது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலமாகிய ஒக்டோபர், நவம்பர், திசெம்பர் மாதங்களிலேயே பெய்கின்றது. அதுவும் நாடோறும் அளவாகப் பெய்வதன்று. வங்கக் கடலில் தோன்றும் தாழ்வுநிலைகளும் புயல்களும் சில நாள்களிற் கொட்டிவிட்டுச் செல்வதே பெரும்பங்காகும்.

சில நாள் மழையை ஓராண்டு வாழ்வுக்குரிய பொருளாக மாற்றும் கருவியே ஏரி. நம் நாட்டிற் குளம் என வழங்குவதையே தொண்டைநாட்டார் ஏரி என்பர். நாம் துருசு என்பதை அவர் மதகு என்பர். வான் என்பதைக் கலங்கல் என்பர். பல்லவர் காலந்தொட்டே அரசரும் ஊராரும் இவற்றை அமைத்தனர். மகேந்திரவாடியின் மகேந்திர தடாகம், கூரத்தின் பரமேசுவர தடாகம், உத்திரமேரூரின் வைரமேக தடாகம் என்பன கல்வெட்டுக்களாலும் செப்பேட்டாலும் அறியப்படுவன.

ஏரியை வெட்டுதல் ஒருமுறை செய்யும் அறம். அதனைக் காத்தல் ஆண்டுதோறும் செய்யவேண்டிய தொழில். இதனை உத்திரமேரூர்ச் சபையார் நன்கறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுக்கள் சம்வற்சர வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றுடன் ஏரி வாரியத்தையும் கூறுகின்றன. வாரியப் பெருமக்கள் குடவோலை முறையால் ஓராண்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தோரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரியப்படுதற்கு உரியரல்லர் என அக்கல்வெட்டு விதிக்கின்றது. நீரை ஆள்பவர் கணக்குக் காட்டவேண்டும் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட விதியென்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

செம்பரம்பாக்கம் இவ்வேரி நாட்டின் நடுவிலே உள்ளது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் அவதரித்த ஊராகிய குன்றத்தூர் அதன் கரைக்கு அண்மையிலேயே இருக்கின்றது. அப்பகுதி பண்டு புலியூர்க்கோட்டம் எனப்பட்டது. ஏரியின் நீர் மதகுகள் வழியே வயல்களுக்குப் பாயும். மிஞ்சியது குன்றத்தூர்ப் பக்கமாக ஓடித் திருநீர்மலைக்கு அருகில் அடையாற்றை அடையும். அடையாறோ ஆதனூர், மணிமங்கலம் முதலிய வேறு ஏரிகளின் மிகுநீரைத் திரட்டிக்கொண்டு தெற்கேயிருந்து வருவது. அதன் நீளம் ஏறத்தாழ 42 கிலோமீற்றரே. மலையிற் பிறந்து வரும் ஆறன்று அது. ஏரிகளின் கழிவாயிற் பிறந்த ஆறு எனலாம்.

கலங்கலும் கதவும்

பழைய ஏரியொன்றின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் அதன் கலங்கலைத் தாண்டும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்ததற்குச் செல்லும். இவ்வாறு ஏரிகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மேலேரியின் மிகுதி கீழேரியின் வரவாயிற்று. பெருமழை ஒரேயடியாகக் கடலை நோக்கி ஓடாது, ஒவ்வோர் ஏரியிலும் தங்கித் தங்கிச் சென்றது.

கலங்கல் என்பது கரையைவிடத் தாழ்வாகக் கட்டப்பட்ட கற்றளம். நீர் அம்மட்டத்தை எட்டியவுடன் தானே வழிந்துவிடும். அதன்மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பர். மழைப்பருவம் முடியுந்தறுவாயில் அக்கற்களின் இடையைப் புல்லும் களிமண்ணுங் கொண்டு அடைத்து, இன்னும் சிறிது நீரைத் தேக்குவர். மழை வலுத்திருக்கும் நாள்களில் அடைப்பதில்லை. எந்நேரத்தில் நீரை விடுவது என்ற தீர்ப்பைப் பெரும்பாலும் கல்லே வழங்கிற்று, மனிதன் வழங்கவேண்டியதில்லை. மேலும், கரை உடைந்தால் மூழ்குவது அக்கரையைக் காப்பவனின் சொந்த ஊரே. ஆகவே மழையிரவில் ஊரார் கரைமேல் நின்றனர்.

இக்காவலின் அருமையை மதுராந்தகத்து வழக்கொன்று காட்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் செங்கழுநீர்ப்பட்டுப் பகுதியின் கலெக்டராயிருந்தவர் லயனல் பிளேசு. ஆண்டுதோறும் உடைந்துவந்த மதுராந்தகம் ஏரிக்கரையைக் காண அவர் ஒரு மழையிரவிற் சென்றபோது, வில்லேந்திய வீரர் இருவர் கரையைக் காத்துநிற்கக் கண்டார் என்றும், கரை உடையாமை கண்டு அவ்வூர்க் கோயிலிலே தாயார் சந்நிதித் திருப்பணியை நிறைவேற்றினார் என்றும் கூறுவர். அன்றுதொட்டு இராமபிரான் ஏரிகாத்த இராமர் எனப்பட்டார். இது பக்தியால் விளைந்த வழக்கு. எனினும் புயலிரவிலே ஏரிக்கரையிற் காவலாள் நிற்கவேண்டும் என்ற நாட்டார் உணர்ச்சி அதிற் பதிந்திருக்கின்றது.

கதவு வைத்த கலிங்கு இதனின்றும் வேறானது. கதவை மூடிக் கூடுதலான நீரைத் தேக்கலாம். திறந்து விரைவாக வெளியேற்றவும் செய்யலாம். அஃது ஆற்றல் மிக்கது. ஆனால் தானாகத் தீர்ப்பளியாது. ஒருவர் வானிலையை நோக்கி, நீர்மட்டத்தை நோக்கி, கீழேயுள்ள ஊரை நோக்கி முடிவு செய்யவேண்டும். அம்முடிவு ஒரு மணி நேரம் பிந்தினாலும் முந்தினாலும் அதன் பயன் வேறாகும்.

நகரின் தாகம்

கிழக்கிந்தியக் கம்பனியார் 1639இற் காலூன்றிய சென்னைக் கடற்கரையிற் குடிநீர் நெடுங்காலம் கிணற்று நீராகவே இருந்தது. கோட்டைக்கு நீர் வழங்கிய ஏழுகிணறு 1772ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நகர் பெருகியதும் கிணறுகள் போதவில்லை. பிரேசர் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி கொற்றலையாற்று நீர் தாமரைப்பாக்கத்தில் மறிக்கப்பட்டுச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் கொண்டுவரப்பட்டது. 1872இல் நகரம் அந்நீரை அருந்தத் தொடங்கிற்று. வயலுக்கென வெட்டிய ஏரிகள் நகரின் குடமாக மாறிய வரலாறு இங்ஙனந் தொடங்கியது.

அடுத்த அடி பூண்டி நீர்த்தேக்கமாகும். சென்னை மேயராயிருந்த சத்தியமூர்த்தி அவர்களின் முயற்சியால் 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1944இல் நிறைவெய்திய அது பின்னர் அவர் பெயராலேயே சத்தியமூர்த்தி சாகரம் எனப்பட்டது. அதுவும் போதாதாகவே கிருட்டிணை நீரைப் பெறுதற்கு ஆந்திர அரசுடன் 1983இல் உடன்பாடு செய்யப்பட்டு, 1996இல் அந்நீர் பூண்டியை அடைந்தது. பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு இணைப்புக் கால்வாய் உண்டு. 2007இல் நாளொன்றுக்கு 53 கோடி லீற்றர் நீரைத் தூய்மையாக்கும் நிலையம் செம்பரம்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிற்று. உழவரின் ஏரி மாநகரின் ஏரியாயிற்று. இன்று அதன் முழுக்கொள்ளளவு 364.5 கோடி கன அடி. முழு நீர்மட்டத்தில் ஆழம் 24 அடி.

இம்மாற்றத்தின் பொருள் யாது? உழவர்க்கு ஏரி நிரம்புதல் நற்பேறு. அரை ஏரியாயினும் அதற்கேற்ப விதைத்துக்கொள்வர். மாநகரத்துக்கோ அரை ஏரி அச்சத்தைத் தருவது. வடகீழ்ப் பருவக்காற்று ஒருமுறை பொய்த்தால் அடுத்த ஆண்டு ஒக்டோபர்வரை குடிநீருக்கு வழியில்லை. ஆதலின் நவம்பரில் ஏரியைக் காலியாக வைத்திருக்க எந்தப் பொறியியலாளரும் எளிதில் துணியார். வெள்ளத்தைத் தாங்கும் ஏரி வெறுமையாக இருத்தல் வேண்டும். தாகத்தைத் தணிக்கும் ஏரி நிறைந்திருத்தல் வேண்டும். ஓரேரி இரண்டு எசமானர்க்கு ஊழியஞ் செய்யலாயிற்று.

மறைந்த ஏரிகள்

மேலேரிகள் குடமாக மாறிய அதே நூற்றாண்டிற் கீழேரிகள் மனையாக மாறின. சென்னையின் மேற்கெல்லையில் நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டுகிடந்த மயிலாப்பூர் ஏரியை ஆங்கிலேயர் 'நீண்ட ஏரி' என்றனர். 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தையடுத்து அப்பகுதியிற் புதுக்குடியிருப்புக்கள் வகுக்கப்பட்டன. ஏரி தூர்ந்து தியாகராய நகராயிற்று. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர்கொண்ட தெரு இன்றும் உண்டு. காண்பதற்கு ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரியின் நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது.

சுதந்திரத்தின் பின்னரும் இப்போக்கு நிற்கவில்லை. முகப்பேர், அம்பத்தூர் முதலிய இடங்களில் ஏரிநிலத்தில் வீட்டுத் திட்டங்கள் வகுக்கப்பட்டு, 'ஏரித் திட்டம்' என்ற பெயரையே பெற்றன. வேளச்சேரி ஏரி தன் பரப்பிற் பெரும்பகுதியை இழந்தது. தென்சென்னையின் மிகுநீரையெல்லாம் ஏற்றுக் கடலுக்கு மெல்லமெல்ல விட்டுவந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் முன்னிருந்த பரப்பின் சிறுபங்காகக் குறுகிற்று. அதன் ஒருபகுதி குப்பை கொட்டும் இடமாகவும், வேறுபகுதிகள் சாலைகளும் கட்டடங்களுமாகவும் மாறின.

இம்மாற்றங்களை இயற்றியோர் யாவரும் தீயர் என்று கூறுதல் வரலாறாகாது. வேலை தேடி வந்தோர்க்கு வீடு வேண்டியிருந்தது. வயல்கள் இல்லாதபோது ஏரி பயனற்ற நிலமாகத் தோன்றிற்று. ஆனால் ஏரிக்குப் பாசனம் ஒன்றே தொழிலன்று. பாசனம் நின்றபின்னும் அது மழையைத் தாங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தில் எழுதப்படாத அத்தொழிலை நகரம் கணக்கிற் கொள்ளவில்லை.

இடையிடையே ஆறுகள் எச்சரித்தன. 1943 ஒக்டோபரிற் பல நாள் மழையாற் கூவம் பெருகி நகரை வருத்தியது. 1976 நவம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்து வீட்டுவசதிக் குடியிருப்புக்களை மூழ்கடித்தது. 1985இலும் 2005இலும் மீண்டும் வெள்ளம் வந்தது. ஒவ்வொருமுறையும் நீர் வடிந்தபின் கரையோர நிலத்தின் விலை சிறிது தாழ்ந்து பின் உயர்ந்தது. 1976இல் நீர் நின்ற இடங்களையே 2015இலும் நீர் தேடிவந்தது.

2015 நவம்பரும் திசெம்பரும்

2015ஆம் ஆண்டு நவம்பரிற் சென்னையிற் பெய்த மழை 1,049 மில்லிமீற்றர். அம்மாதத்துக்குரிய சராசரி ஏறத்தாழ 407 மில்லிமீற்றரே. 1918ஆம் ஆண்டு நவம்பரில் 1,088 மில்லிமீற்றர் பெய்தபின் இத்துணை மழை அம்மாதத்திற் பெய்ததில்லை. நவம்பர் 9ஆம் நாளையொட்டிப் புதுச்சேரிக்கு அருகிற் கரைகடந்த தாழ்வுமண்டலம் முதல் மழையைத் தந்தது. 15, 16ஆம் நாள்களில் இரண்டாவது பெருமழை வந்தது. அதன் பின்னரும் ஓயவில்லை. நவம்பர் முடிவில் நிலம் நீரை உறிஞ்சும் வலியை இழந்திருந்தது. ஏரிகள் யாவும் நிறைந்திருந்தன. செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் 22 அடியை ஒட்டி இருந்தது.

இந்நிலையிலேயே திசெம்பர் 1ஆம் நாள் வந்தது. அன்று காலைமுதல் மறுநாட் காலைவரை தாம்பரத்தில் 49 சென்ரிமீற்றர், செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் ஏறத்தாழ 34, நுங்கம்பாக்கத்தில் 29 சென்ரிமீற்றர் மழை பதிவாயிற்று. 47 சென்ரிமீற்றர் மழை என்பது ஒரு சதுரமைல் நிலத்தில் ஏறத்தாழ 4.3 கோடி கன அடி நீராகும். 85 சதுரமைலிற் பெய்த அத்தகைய மழை முழுவதும் ஓடிவருமாயின், வெற்றேரியாயிருந்த செம்பரம்பாக்கமும் ஒரே நாளில் நிரம்பிவிடும். அன்றோ ஏரி வெறுமையாக இருக்கவில்லை. எஞ்சியிருந்த இரண்டடியிற் கொள்ளக்கூடியது ஏறத்தாழ 50 கோடி கன அடியே.

கதவுகள் படிப்படியாக உயர்த்தப்பட்டன. மாலையில் வெளியேற்றம் வினாடிக்கு 29,000 கன அடியை எட்டி, 21 மணி நேரம் அவ்வளவிலேயே நின்றது. அந்த 21 மணி நேரத்திற் சென்ற நீர் ஏறத்தாழ 219 கோடி கன அடி. அஃதாவது நிறைந்த ஏரியின் ஐந்தில் மூன்று பங்கு. ஏற்கெனவே பெருகியிருந்த அடையாற்றில் அந்நீர் கலந்து இரவிலே நகரினுட் புகுந்தது. 1726ஆம் ஆண்டில் ஆர்மீனிய வணிகர் பெத்ருசு உசுகான் கட்டிய பழம்பாலத்தின் இடத்திலே பின்னர் எழுந்த சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்திற் போக்குவரத்து நின்றது. கோட்டூர்புரத்திலும் சாபர்கான்பேட்டையிலும் மக்கள் நீரின் ஓசையைக் கேட்டே வெள்ளத்தை அறிந்தனர்.

வழக்கும் மறுப்பும்

இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை 2018இற் சட்டசபையில் வைக்கப்பட்டது. 289 உயிர்களைக் கொண்ட அவ்வழிவு மனிதரால் விளைந்தது என்பது அதன் முடிபு. ஏரியில் இன்னும் இடமிருந்தபோதே, உட்புகுந்த நீரினும் மிகுதியான நீர் வெளியேற்றப்பட்டது என்று அது குறைகூறிற்று. முழு மட்டத்துக்குத் தேக்கினால் ஏரியின் நீர்ப்பரப்பை அடுத்த தனியார் நிலங்கள் மூழ்கும் என்ற எண்ணமும் அதற்குக் காரணம் எனக் காட்டிற்று. ஏரிக்குரிய அவசரகாலச் செயற்றிட்டம் இல்லாமையையும் எடுத்துரைத்தது.

அரசுத் தரப்பினர் வேறு கூறினர். வெளியேற்றம் விதிகளின்படி படிப்படியாகவே உயர்த்தப்பட்டது. கரைக்கு ஊறு நேர்ந்திருப்பின் அழிவு பன்மடங்காயிருக்கும். அடையாற்று வெள்ளத்திற் செம்பரம்பாக்கத்தின் பங்கு ஒரு பகுதியே என்பன அவர்தம் விடைகள்.

இரு தரப்பிலும் உண்மை உண்டு. முடிச்சூரும் வரதராசபுரமும் ஆதனூர்க் கிளையில் உள்ளன. செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றிற் கலக்குமிடத்துக்கு அவை மேலே இருப்பன. அவ்விடங்களும் ஆழமாக மூழ்கின. ஒரு கதவையும் திறக்காதிருந்தாலும் அவை மூழ்கியே இருக்கும். ஆதலின் வெள்ளம் முழுவதையும் ஓரேரியின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. மறுபுறம், நவம்பர் இறுதியிலேயே பெருமழை பற்றிய வானிலை அறிவிப்புக்கள் இருந்தன. அப்போதே ஏரியைப் பாதியளவு தாழ்த்தியிருந்தால் 182 கோடி கன அடிக்கு இடம் கிடைத்திருக்கும். 29,000 கன அடி வீதம் ஓடும் நீரை அது பதினேழு மணி நேரம் தாங்கும். வெள்ளம் இல்லாமற் போயிராது; அதன் உச்சம் தாழ்ந்திருக்கும்; இரவு பகலாகியிருக்கும்; பலர் வெளியேறியிருப்பர்.

பின் ஏன் தாழ்த்தவில்லை? இதற்குரிய விடையை 2019ஆம் ஆண்டு தந்தது. அவ்வாண்டு யூன் மாதத்திற் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் வறண்டு வெடித்துக் கிடந்தன. யூலையிற் சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியிற் குடிநீர் வந்தது. நாலாண்டுக்கு முன் நீரில் மூழ்கிய தெருக்களிலேயே மக்கள் குடங்களை வரிசையாக வைத்துக் காத்துநின்றனர். நவம்பர் இறுதியிலே நல்ல நீரைக் கடலுக்குத் திறந்துவிட்டு, பின் மழை பொய்த்திருந்தால் அவ்வலுவலரை யார் மன்னித்திருப்பர்? 2015இற் பிழை நேர்ந்தது உண்மை. ஆனால் அப்பிழைக்கு இடங்கொடுத்தது ஓரேரியின்மேல் இரு பாரத்தையும் ஏற்றிய நூறாண்டுப் போக்கு.

எஞ்சும் படிப்பினை

பிற்காலம் ஓரளவு கற்றுக்கொண்டது. 2020 நவம்பர் 25ஆம் நாள் நிவர்ப் புயல் நெருங்கியபோது செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் 22 அடியை எட்டிற்று. முழு மட்டத்தை எதிர்பாராமல், முன்னறிவிப்புடன், நண்பகலில், முதலில் வினாடிக்கு 1,000 கன அடியே திறக்கப்பட்டது. பின்னரே படிப்படியாகக் கூட்டப்பட்டது. கரையோரத்தார் ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டிருந்தனர். 2015இன் துயரம் மீளவில்லை. கதவைச் செவ்வையாக ஆள்வதால் விளையும் நன்மைக்கு இது சான்று.

ஆயினும் அதன் எல்லையையும் 2023 காட்டிற்று. அவ்வாண்டு திசெம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயலின் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் மூழ்கின. அங்கே குற்றஞ்சாட்டுதற்கு எந்தப் பெருங்கதவும் இல்லை. பெய்த மழை பெய்த இடத்திலேயே நின்றது. அதனை ஏற்கவிருந்த ஏரியும் சதுப்பும் குறைந்திருந்தன என்பதே காரணம்.

ஆகவே செம்பரம்பாக்கம் உணர்த்துவது இருவகைப்படும். ஒன்று, நீரைத் திறப்பவர் நனைபவர்க்குக் கடமைப்பட்டவர் என்பது. உத்திரமேரூரில் இரு சாராரும் ஓரூரார். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியும். ஆண்டிறுதியிற் கணக்கும் உண்டு. 2015இற் கதவின் பக்கத்தில் நின்றவர்க்குக் கோட்டூர்புரத்தார் யாரென்று தெரியாது. கோட்டூர்புரத்தார்க்குக் கதவு இருப்பதே பலருக்குத் தெரியாது. அவ்விடைவெளியை நிரப்புவது காலத்தால் வரும் எச்சரிக்கையும், பின்னர் ஒளியாது காட்டும் கணக்குமேயாகும். மற்றொன்று, எத்துணைத் திறமையுள்ள கதவும் இழந்த ஏரிகளுக்கு ஈடாகாது என்பது. சங்கிலியின் பல கண்ணிகளை அறுத்துவிட்டு எஞ்சிய ஒரு கண்ணியை நோக்கி, நீ ஏன் தாங்கவில்லை என்று வினவுதல் முறையாகாது.

குளங்களை நம்பி வாழும் ஈழநாட்டவர்க்கும் இவ்வரலாறு அயலார் கதையன்று. வான் பாயும் ஓசை மகிழ்ச்சியாகக் கேட்பதும் அச்சமாகக் கேட்பதும் அதன் கீழே நிலம் எவ்வாறு வைக்கப்பட்டிருக்கின்றது என்பதைப் பொறுத்ததே. மழையின் அளவை மனிதர் வகுக்க முடியாது. அது தங்குதற்குரிய இடத்தை வைப்பதும் அழிப்பதும் மனிதர் கையிலேயே உள்ளன.